போறதா, இருக்கறதா: ஹார்வி வந்த அந்த வாரம்

எல்லாருக்கும் வணக்கம். லீவுக்கு மதுரை வந்த எடத்துல புடிச்சு உக்கார வெச்சுட்டாங்க, நான் இருக்கற ஹூஸ்டன்ல, அமெரிக்கால டெக்சஸ் பக்கம், 2017ல ஹார்வி புயலால வந்த வெள்ளத்தைப் பத்திப் பேசுங்கன்னு. மைக் முன்னாடி எனக்குப் பழக்கமில்ல, நடுவுல எங்கயாவது தடம் மாறிட்டா பொறுத்துக்கோங்க.

ஊருக்கு வர்றப்பல்லாம் சொந்தக்காரங்க கேக்கற மொதக் கேள்வி இதுதான். "அமெரிக்கால சேட்டிலைட்டு அது இதுன்னு எல்லாம் இருக்கே, புயல் வருதுன்னு முன்னாடியே தெரியுமே, ஏன் கெளம்பல?" நியாயமான கேள்விதான். ஆனா பதில் சொல்லணும்னா 2017ல ஆரம்பிச்சா பத்தாது, 2005க்குப் போகணும்.

2005 ஆகஸ்ட் கடைசில கட்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடிச்சுது, கூரை மேல நின்னு கைய ஆட்டுற ஜனங்களை டிவில நாமளும் பாத்தோம். மூணு வாரங்கூட சரியா முடியல, ரீட்டான்னு இன்னொண்ணு ஹூஸ்டனைப் பாத்து வருதுன்னாங்க. அதுக்கப்புறம் யாரு வீட்ல இருப்பா? 25 லட்சம் பேருக்கு மேல ஒரே நேரத்துல காரை எடுத்துட்டு ரோட்டுக்கு வந்துட்டாங்க. நான் அப்ப அங்க இல்ல, ஆனா எங்க தெருவுல பழைய ஆளுங்க எல்லார்கிட்டயும் ஒரு ரீட்டா கதை இருக்கும். டல்லாஸ் போக சாதாரணமா நாலு மணி நேரம், எதுத்த வீட்டு அம்மா ஒரு நாள் பூரா கார்லயே கெடந்தாங்களாம், வெயில் மண்டையப் பொளக்குது, ஏசி போட்டா பெட்ரோல் தீந்துரும்னு ஜன்னலை எறக்கிவிட்டுட்டு ஈரத்துணிய கழுத்துல போட்டுக்கிட்டு, வழியில ஒரு பங்க்லயும் சொட்டு பெட்ரோல் இல்ல. முதியோர் இல்லத்துலருந்து ஆளுங்களை ஏத்திட்டுப் போன ஒரு பஸ் டல்லாஸ்கிட்ட தீப்பிடிச்சு, உள்ள இருந்த ஆக்சிஜன் சிலிண்டரெல்லாம் வெடிச்சு 23 பேர் போயிட்டாங்க. தப்பிச்சுப் போன வழியிலயே மொத்தம் நூறு பேருக்கு மேல செத்தாங்க. கடைசில பாத்தா ரீட்டா கெழக்கால திரும்பி டெக்சஸ்-லூசியானா எல்லைல கரை ஏறிடுச்சு. ஹூஸ்டனுக்குப் பெருசா ஒண்ணும் ஆகல, வீட்லயே இருந்தவங்க நல்லா இருந்தாங்க.

இது அந்த ஊர்க்காரங்க மனசுல ஊறிப்போன விஷயம். அதனால இப்ப ஊரையே காலி பண்ணச் சொல்றதில்ல. கடலோரத்துல இருக்கறவன் மட்டும் போகணும், பின்கோடு பாத்து ஏரியா ஏரியாவா பிரிச்சு வெச்சிருக்காங்க, உள்ள தள்ளி இருக்கறவன் ரோட்டை அடைக்காம வீட்ல இருக்கணும். "தண்ணிக்கு ஓடு, காத்துக்கு ஒளிஞ்சுக்கோ"ன்னு அங்க ஒரு பேச்சு வழக்கு உண்டு. கேக்க நல்லாத்தான் இருக்கு. தண்ணி எந்தத் தெருவுக்கு வரும்னு யாரு சொல்றது?

சரி, ஹார்விக்கு வர்றேன். 2017 ஆகஸ்ட் 23 புதன்கிழமை அது வெறும் தாழ்வு மண்டலம். வெள்ளிக்கிழமை ராத்திரி ராக்போர்ட்ங்கற ஊர்கிட்ட கேட்டகரி 4 புயலா, அஞ்சு வரைக்கும் போற கணக்குல நாலு, கரை ஏறுது. ரெண்டே நாள்தான் டைம். ராக்போர்ட் எங்களுக்கு 250 கிலோமீட்டர் தள்ளி, அதனால காத்து பத்தி எங்களுக்குக் கவலை இல்ல. கவர்னர் என்ன சொன்னாருன்னா, முடிஞ்சவங்க கெளம்பிருங்கன்னாரு. மேயர் சில்வெஸ்டர் டர்னர் சொன்னது, யாரும் கெளம்பாதீங்க, வீட்லயே இருங்க, இந்தச் சுத்து வட்டாரத்துல இருக்கற 65 லட்சம் பேரை ரோட்டுல ஏத்த முடியாது. ரெண்டு பேருமே பெரியவங்க, நாங்க யார் பேச்சைக் கேக்கறது? எங்க வீட்டுக்காரரு சொன்னாரு, "மழைதானே, பாத்துக்கலாம்." அவரு சொன்னதுக்கும் காரணம் இருக்கு, 2015லயும் 2016லயும் வெள்ளம் வந்தப்ப எங்க தெருக்கோடி வரைக்கும் வந்து எட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருச்சு. நாங்க இருந்தது ஊருக்குத் தென்மேற்கே, பிரேஸ் பையூ பக்கம். பையூன்னா நம்மூர் ஓடை மாதிரி, மெதுவா ஓடுற ஆறுன்னும் சொல்லலாம், அந்த ஊர் பூரா அதுதான். தரை சப்பட்டை, களிமண்ணு, தண்ணி உள்ள எறங்காது. ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும், அங்க ரோட்டையே மழைத்தண்ணி நிக்கற மாதிரிதான் டிசைன் பண்ணியிருக்காங்க, சாக்கடை நிரம்பினா அடுத்த வாய்க்கால் ரோடுதான், வீட்டுக்கு வராம ரோட்ல நிக்கட்டும்னு. அதனால ரோட்ல தண்ணியப் பாத்தா அந்த ஊர்க்காரன் பதறவே மாட்டான். நாங்களும் பதறல.

சனிக்கிழமை பகல்ல ஒண்ணுமே இல்ல. மளிகைக்கடைல பிரட்டும் தண்ணி பாட்டிலும் காலியாயிருச்சேன்னு நான் பொன்னி அரிசி ஒரு மூட்டை வாங்கிட்டு வந்தேன், சிரிக்காதீங்க, எனக்குத் தெரிஞ்ச புயல் ஏற்பாடு அவ்வளவுதான். எங்க அத்தை, அதாவது மாமியார், அப்ப விசிட்டர் விசால வந்திருந்தாங்க. எழுபது வயசு, முட்டி வலி. "இதென்னம்மா, புயல்ங்கறாங்க, வெயிலடிக்குது"ன்னாங்க.

ராத்திரி ஆரம்பிச்சுது. புயல் நகரவே இல்ல, அங்கயே உக்காந்துருச்சு, கடல்லருந்து தண்ணிய உறிஞ்சி உறிஞ்சி எங்க மேல கொட்டுது. நாலஞ்சு நாள்ல நெடர்லாண்டுங்கற ஊர்ல 60 அங்குலத்துக்கும் மேல பதிவாச்சு, நம்ம மதுரைக்கு ஒரு வருஷம் பூரா பெய்யறதைவிட ரொம்ப அதிகம். மழை அளவு காட்டுற மேப்ல கலர் பத்தாம வானிலை ஆபீஸ்காரங்க புதுசா ரெண்டு கலர் சேத்தாங்க. கொட்டுன தண்ணியோட கனத்துல ஹூஸ்டன் தரையே ரெண்டு சென்டிமீட்டர் கீழ அமுங்குச்சுன்னு பின்னாடி ஜிபிஎஸ் வெச்சு அளந்து சொன்னாங்க.

ராத்திரி பூரா போன் அலறுது. ஒரு அலர்ட் டொர்னாடோ வார்னிங், சூறாவளி, உடனே கீழ்த்தளத்துல ஜன்னல் இல்லாத ரூமுக்குள்ள போ. அடுத்த அலர்ட் ஃபிளாஷ் ஃபிளட், திடீர் வெள்ளம், உயரமான எடத்துக்குப் போ. எங்க வீட்டுக்கு மாடியே கெடையாது! துணி அலமாரி ரூம்ல நாலு பேரும் உக்காந்திருக்கோம், பொண்ணு தூங்குது, அத்தை கந்தசஷ்டி கவசம் சொல்றாங்க, அப்ப பாத்ரூம்லருந்து களக் களக்குன்னு ஒரு சத்தம். போய்ப் பாத்தா குளிக்கற எடத்துல ஜலதாரைலருந்து தண்ணி மேல வருது. வாசக்கதவு வழியா வரும்னு நான் அங்க டவலை அடைச்சு வெச்சிருந்தேன், அது சுவருக்கும் தரைக்கும் நடுவுல கசிஞ்சு வருது. கார்பெட்ல கால் வெச்சா சதக்குனு உள்ள போகுது.

மெயின் சுவிட்சை அணைச்சோம். டார்ச் வெளிச்சத்துல எதை எடுக்கறது? நான் மொதல்ல எடுத்தது பாஸ்போர்ட், விசா பேப்பர், எல்லாத்தையும் ஜிப்லாக் கவர்ல போட்டு சுடிதாருக்குள்ள சொருகிக்கிட்டேன். வெளிநாட்ல இருக்கறவங்களுக்குத் தெரியும், நகை போனா வாங்கிக்கலாம், அந்தப் பேப்பர் போனா நம்ம கதை கந்தல். ரெண்டாவது எடுத்தது கிரைண்டர். மேடை மேல தூக்கி வெச்சேன். அத்தை அதைப் பாத்துட்டு, "வைகைல தண்ணி வந்தா ஊரே போய் வேடிக்கை பாக்கும், இங்க அதுவே வீடு தேடி வந்திருக்கு, நீ கிரைண்டரைத் தூக்குற"ன்னாங்க.

விடிஞ்சப்ப முழங்கால் தண்ணி. 911ங்கற அவசர நம்பருக்கு அடிச்சா ரிங் போகுது, போகுது, போய்க்கிட்டே இருக்கு. ரேடியோல சொல்றாங்க, பரண்ல ஏறாதீங்க, ஏறினா கோடாலியோட ஏறுங்க, கூரைய ஒடைச்சு வெளிய வரணும்ல, கட்ரீனால பரண்ல மாட்டிக்கிட்டுச் செத்தவங்க நெறைய பேரு. எங்க வீட்ல தேங்கா ஒடைக்கற அருவாகூட இல்ல. அப்பறம் கவுன்டி ஜட்ஜ் எட் எம்மட் டிவில வந்தாரு. ஜட்ஜ்னா கோர்ட் ஜட்ஜ் இல்ல, நம்மூர் கலெக்டர் மாதிரின்னு வெச்சுக்கோங்க. படகு வெச்சிருக்கறவங்க, உயரமான வண்டி வெச்சிருக்கறவங்க எல்லாரும் வந்து உதவுங்கன்னு கேட்டாரு. அரசாங்கமே எங்களால முடியல, நீங்க வாங்கன்னு வெளிப்படையா சொன்னதை நான் மதிக்கறேன். ஜனங்க வந்தாங்க பாருங்க, லூசியானாலருந்தெல்லாம் 'கேஜன் நேவி'ன்னு சொல்லிக்கிட்டு மீன்புடி படகைக் காருக்குப் பின்னாடி கட்டி இழுத்துட்டு. போன்ல செல்லோன்னு ஒரு ஆப், வாக்கி டாக்கி மாதிரி, அதுல யார் எங்க மாட்டியிருக்காங்கன்னு பேசிக்கிட்டாங்க.

எங்களைக் கூட்டிட்டுப் போனது பக்கத்து ஏரியாக்காரரு ஒருத்தரு, பேரைக்கூடக் கேக்கல, இன்னிக்கு வரைக்கும் உறுத்துது. தொப்பி, ரப்பர் பூட்ஸ், படகுல ஏற்கெனவே ஒரு பாட்டி, ரெண்டு நாய். அத்தைக்குப் படகு பயமில்ல, நாய்தான் பயம். "அதைப் புடிச்சுக்கச் சொல்லு, அதைப் புடிச்சுக்கச் சொல்லு"ன்னு வழி பூரா. நாயை விட்டுட்டு வர மாட்டேன்னு கட்ரீனால நெறைய பேரு வீட்டோட இருந்துட்டாங்க, அதனால 2006ல சட்டமே போட்டாங்க, ஊரைக் காலி பண்ற திட்டத்துல வளர்ப்புப் பிராணிக்கும் எடம் இருக்கணும்னு. அத்தைக்கு அதெல்லாம் வெளக்க நேரமில்ல. தண்ணில பெட்ரோல் வாடையும் சாக்கடை வாடையும். ஒரு எடத்துல செங்கல் கலர்ல தட்டு மாதிரி ஒண்ணு மெதந்து வருது, என் பொண்ணு கைய நீட்டப் போச்சு, படகுக்காரரு "நோ நோ நோ"ன்னு கத்திக்கிட்டே துடுப்பால தள்ளிவிட்டாரு. எறும்பு. ஆயிரக்கணக்குல நெருப்பெறும்பு ஒண்ணை ஒண்ணு கவ்விக்கிட்டு தெப்பம் மாதிரி மெதக்குது, நடுவுல ராணி.

மேம்பாலம் ஏறுற எடத்துல எறக்கிவிட்டாங்க, அங்கருந்து மண்ணு அள்ளுற டிப்பர் லாரி. ஊரு நடுவுல இருக்கற ஜார்ஜ் பிரவுன் கன்வென்ஷன் சென்டருக்குப் போற வண்டி அது. 5,000 பேருக்குன்னு தொறந்த எடத்துல 10,000 பேர் வந்துட்டாங்க. நாங்க வழியிலயே எறங்கி, தெரிஞ்சவங்க ஒருத்தரோட ரெண்டாவது மாடி அப்பார்ட்மென்ட்டுக்குப் போயிட்டோம், மூணு குடும்பம், ஒரு பாத்ரூம். சாம்பார் சாதம் வெச்சு ஒரே அண்டால எல்லாரும். மழை நின்ன பின்னாடி ரெண்டு நாள் அந்த சென்டருக்கு வாலன்டியரா போனேன். ஜனங்க சாப்பாடு கேப்பாங்கன்னு நெனச்சேன், மொதல்ல கேட்டது காஞ்ச சாக்ஸ். நாள் பூரா ஈரத்துல நின்ன கால் வெள்ளையா ஊறிப்போய் தோலு உரியுது. அடுத்து கேட்டது போன் சார்ஜர்.

இன்னொண்ணு சொல்லணும், இது எங்க ஏரியா இல்ல, ஊருக்கு மேற்கால. ஆடிக்ஸ், பார்க்கர்னு ரெண்டு பெரிய நீர்த்தேக்கம். சாதாரண நாள்ல தண்ணியே இருக்காது, பார்க்கும் பந்து வெளையாடற எடமுமாத்தான் இருக்கும், வெள்ளம் வந்தா மட்டும் தேக்கறதுக்குன்னு 1940கள்ல ராணுவ இஞ்சினியர்கள் கட்டினது. அது நெறைஞ்சு தானா வழிஞ்சு கரை ஒடையற நெலைமைக்குப் போயிரும்னு ஆகஸ்ட் 28 திங்கக்கிழமை விடியறதுக்கு முன்னாடி மதகைத் தொறந்துட்டாங்க. அதுவரைக்கும் காஞ்சு கெடந்த வீடெல்லாம் கீழ்ப்பக்கம் மூழ்கிச்சு. மேல்பக்கம் அதைவிடக் கொடுமை, நீர்த்தேக்கம் நெறைஞ்சா தண்ணி நிக்கற எடத்துலயே வீடு கட்டி வித்திருக்காங்க, வாங்கினவங்கள்ல நெறைய பேருக்குத் தாங்க ஏரிக்குள்ள குடியிருக்கோம்னே தெரியாது. கேஸ் போட்டு, 2019ல கோர்ட்டு மேல்பக்கத்துக்காரங்களுக்கு அரசாங்கந்தான் பொறுப்புன்னு சொல்லிருச்சு. போன்ல இதைக் கேட்டுட்டு சென்னைல எங்க அக்கா, "செம்பரம்பாக்கம் மாதிரியாடி?"ன்னு கேட்டா. ஆமான்னேன்.

வியாழக்கிழமை வீட்டுக்குப் போனோம். தண்ணி வடிஞ்சிருச்சு, சுவர்ல இடுப்புக்குக் கீழ பழுப்பா ஒரு கோடு. ஃபிரிட்ஜைத் தொறக்காதீங்கன்னு பக்கத்து வீட்டுக்காரரு சொல்லியும் தொறந்தேன், அதைப் பத்தி ரேடியோல சொல்ல வேணாம். அங்க சுவரு செங்கல் சிமெண்ட்டு இல்ல, ஷீட்ராக்னு ஒரு அட்டை, ரெண்டு நாள் ஊறினா பூஞ்சை புடிச்சிரும். அதனால நாலு அடி உயரத்துக்கு எல்லா ரூம்லயும் அறுத்து எடுத்து, உள்ள இருக்கற பஞ்சையும் உருவி, வாசல்ல கொட்டணும். தெரு பூரா ரெண்டு பக்கமும் மலை மாதிரி சோபா, மெத்தை, கல்யாண ஆல்பம், பியானோ. முன்னபின்ன பாக்காதவங்க கடப்பாரையோட வந்து எங்க வீட்டை ஒடைச்சுக் குடுத்துட்டுப் போனாங்க, பதிலுக்கு எலுமிச்ச சாதம்.

அப்பறம் இன்சூரன்ஸ். சாதாரண வீட்டு இன்சூரன்ஸ்ல வெள்ளம் சேராது, அதுக்குத் தனியா எடுக்கணும். வீடு வாங்கறப்ப ஏஜென்ட் ஒருத்தர் சொன்னாரு, உங்க வீடு நூறு வருஷ வெள்ளக் கோட்டுக்கு வெளிய, தேவையில்லன்னு. நூறு வருஷத்துக்கு ஒருதரம்தான்னு நாங்களும் நம்பிட்டோம். அதுக்கு அர்த்தம் வருஷா வருஷம் நூத்துக்கு ஒரு பங்கு வாய்ப்பு, 30 வருஷ லோன் முடியறதுக்குள்ள கணக்குப் போட்டா நாலுல ஒண்ணு. அதுவும் கோட்டுக்குள்ள இருக்கறவனுக்குத்தான் அந்தக் கணக்கு, ஹார்வி எந்தக் கோட்டைப் பாத்துச்சு? புயல் வருதுன்னு தெரிஞ்சப்பறம் ஓடிப்போய் எடுக்கவும் முடியாது, எடுத்து 30 நாள் கழிச்சுத்தான் செல்லும். எங்க சேமிப்பு பூரா சுவருக்குள்ள போச்சு.

இப்ப எல்லாம் ரெடியா இருக்கோம். இன்சூரன்ஸ் இருக்கு, பரண்ல கோடாலி இருக்கு. 2024 ஜூலைல பெரில் புயல் வருதுன்னதும் காரை அடுக்குமாடி பார்க்கிங்ல மூணாவது மாடிக்குக் கொண்டுபோனோம், அங்க பாத்தா எங்க தெருவே நிக்குது, எல்லாருக்கும் அதே புத்தி. கார்பெட்டைச் சுருட்டி கட்டில் மேல வெச்சேன், கிரைண்டர் மேடை மேல. திங்கக்கிழமை காலைல வந்துச்சு, வெறும் கேட்டகரி 1. தண்ணி தெருவோட நின்னுருச்சு. காத்து அடிச்சுது பாருங்க, மரமெல்லாம் கம்பி மேல விழுந்து 20 லட்சத்துக்கும் மேல கரண்ட் கனெக்‌ஷன் போச்சு. எங்களுக்கு அஞ்சு நாள் இல்ல, ஜூலை வெயில்ல. முந்தின நாள் ராத்திரி ஆட்டி வெச்ச ஒரு அண்டா மாவு பொங்கி வழிஞ்சு மேடைலருந்து தரைக்கு வந்துருச்சு.