இருபத்து மூன்றாம் எண் கவுன்ட்டர்

நேயர்களுக்கு வணக்கம்.

ரயில் முன்பதிவு அலுவலகத்துக்குப் போயிருப்பீர்கள். முகவரி ஒன்றுதான், உள்ளே கவுன்ட்டர்கள் பல. கணினியும் அப்படித்தான். ஐபி முகவரி கட்டிடம் என்றால், போர்ட் என்பது கவுன்ட்டர் எண். 0 முதல் 65,535 வரை எண்கள் உண்டு. இணையதளங்களுக்கு 80, 443. மெயில் சர்வர்கள் தங்களுக்குள் கடிதம் மாற்றிக்கொள்ள 25. எண்ணால் ஆபத்தில்லை. அந்த எண்ணில் ஏதாவது மென்பொருள் காத்திருந்தால்தான் கவுன்ட்டர் திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதில் 23ஆம் எண்ணைப் பற்றித்தான் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். டெல்நெட். தொலைவிலிருந்து ஒரு கருவிக்குள் நுழைந்து கட்டளை கொடுக்கும் வழி. 1969இல் தொடங்கியது. நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்ட் மறைப்பே இல்லாமல், தபால் கார்டில் எழுதியது போலப் போகும்.

ஒரு இரும்புக்கடை அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, கடையைப் பூட்டின பிறகும் மோடம் விளக்கு நிக்காம மின்னுதே, என்னன்னு பாருங்க." அவர் சம்மதத்தோடு என் வீட்டிலிருந்தே அவருடைய ஐபி முகவரியில் 23ஐத் தட்டினேன். கறுப்புத் திரையில் 'லாகின்' என்று வந்தது. கேமரா ரெக்கார்டர்! அந்த மாடலுக்கு ஊரறிந்த பாஸ்வேர்டைக் கொடுத்தேன். உள்ளே விட்டுவிட்டது.

அண்ணாச்சி பாஸ்வேர்ட் மாற்றாதவர் இல்லை. மொபைலில் கேமரா பார்க்கும் பாஸ்வேர்டை மாற்றியிருந்தார். டெல்நெட்டுக்கு வேறொன்று உள்ளேயே பதிந்திருந்தது, அதை மாற்ற மெனுவில் இடமே இல்லை. ரெக்கார்டரை அணைத்துப் போட்டோம். விளக்கு அடங்கியது. டீ குடித்து முடிப்பதற்குள் மறுபடி மின்ன ஆரம்பித்தது. அதே பாஸ்வேர்டில் ஒரு வைரஸும் ரெக்கார்டருக்குள் புகுந்திருந்தது. இந்த வகை வைரஸ் நினைவகத்தில் மட்டும் இருக்கும். அணைத்தால் போகும், கவுன்ட்டர் திறந்திருந்தால் திரும்ப வரும். ரவுட்டரில், வெளியிலிருந்து வருவதை உள்ளே இருக்கும் கருவிக்கு அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங்கை எடுத்து, கருவிகள் தாமாகவே வழி திறந்துகொள்ளும் யூபிஎன்பி வசதியையும் நிறுத்திய பிறகுதான் அடங்கியது.

மிராய் என்ற வைரஸ் பரவியதும் இப்படியே. சுமார் 60 பெயர்–பாஸ்வேர்ட் ஜோடிகள்தான் அதன் கையில் இருந்தன. 23ஐயும் 2323ஐயும் தட்டித் தட்டிக் கேமராக்களைச் சேர்த்தது. 2016 அக்டோபர் 21 அன்று டைன் நிறுவனத்தின் டிஎன்எஸ் சேவையை, அதாவது இணையதளப் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் சேவையை, அது தாக்க, ட்விட்டரும் நெட்ஃப்ளிக்ஸும் அமெரிக்காவில் பலருக்குத் திறக்கவில்லை. யாரோ ஒரு கடைக்காரரின் கேமரா, பாருங்கள்.

இத்தனைக்கும் மாற்று வழி 1995இலேயே வந்துவிட்டது. பின்லாந்தில் தத்து யுலோனென் என்பவரின் பல்கலைக்கழக வலையமைப்பில் பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள். அதனால் டெல்நெட் செய்யும் வேலையையே எல்லாவற்றையும் மறைத்து அனுப்பிச் செய்யும் எஸ்எஸ்ஹெச்சை அவர் எழுதினார். கோப்பு அனுப்பும் எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23. நடுவில் காலியாக இருந்த 22ஐக் கேட்டு வாங்கினார்.

சரி, நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். 445 பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். விண்டோஸ் கோப்புப் பகிர்வு அது. 2017 மே 12இல், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் அதன் வழியாகத்தான் பரவியது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே திருத்தம் கொடுத்திருந்தது. அப்புறம் 3389, ரிமோட் டெஸ்க்டாப். வீட்டிலிருந்து அலுவலகக் கணினியைத் திறக்கிறவர்கள் அதை நேரே இணையத்தில் வைக்காதீர்கள், விபிஎன் எனும் மறைக்கப்பட்ட தனி இணைப்பு வழியாக மட்டும் வையுங்கள். வணக்கம்.