சாப்பிட்ட பையனை யார் சாப்பிட்டது?

வணக்கம் மக்களே. இன்றைக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டு வாசலில் உட்கார்ந்தே பேசுகிறேன். மழை பிடித்துக்கொண்டது, தகரக் கூரைச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று டியூஷனில், 'சாப்பிட்ட பையன் தட்டைக் கழுவினான்' என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். ஒரு தம்பி 'தி ஈட்டன் பாய்' என்று ஆரம்பித்திருந்தான். அதாவது, பையனைப் புலி தின்றுவிட்டது, அதற்கப்புறமும் பாவம் தட்டு கழுவுகிறான்! விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், அவன் தமிழில் சரியாகத்தான் நினைத்திருக்கிறான்.

எங்கள் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். (வெளியூர்க்காரர்கள் பதற வேண்டாம், இங்கே பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டுவது என்றால் பட்டையைச் சீவிப் பால் எடுப்பது.) 'வெட்டிய' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய பாட்டி, வெட்டிய மரம், வெட்டிய கத்தி, வெட்டிய தோட்டம், வெட்டிய காலை. எதோடும் ஒட்டிக்கொள்ளும். இதுதான் பெயரெச்சம். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என்று ஆறு வகைப் பெயர்களை அது ஏற்கும் என்கிறது பவணந்தி முனிவரின் நன்னூல்.

ஆங்கிலத்தில் இந்தத் தாராளம் இல்லை. 'டேப்ட் ட்ரீ' (பால் வெட்டிய மரம்) சரி. 'டேப்ட் கிராண்ட்மதர்' என்றால் பாட்டி மேலேயே கத்தியை வைத்த மாதிரி ஆகிவிடும்! 'ப்ரோக்கன் கிளாஸ்', 'பாய்ல்ட் எக்' எல்லாவற்றிலும் வினைக்கு ஆளான பொருள்தான் பக்கத்தில் நிற்கும். செய்தவரைச் சொல்ல 'தி பாய் ஹூ ஏட்' என்று சுற்றித்தான் வர வேண்டும். செயப்படுபொருள் கேட்காத சில வினைகள் மட்டும் விதிவிலக்கு: 'ஃபாலன் லீஃப்' என்றால் விழுந்த இலை, 'ரிட்டயர்ட் டீச்சர்' என்றால் ஓய்வு பெற்ற ஆசிரியர்.

இதே குழப்பத்தில்தான் பலர் 'ஐ ஆம் போரிங்' என்கிறார்கள். சலித்துப்போனவர் 'போர்ட்', சலிப்பூட்டுகிறவர் 'போரிங்'. என் வீடியோவுக்குக் கீழே எழுதும்போது கவனமாகப் பார்த்து எழுதுங்கள்!

மலாய் இன்னும் சிக்கனம். 'ஆயாம் கோரேங்' (பொரித்த கோழி), 'தே தாரிக்' (இழுத்து ஆற்றிய தேநீர்) இரண்டையும் பாருங்கள். கோரேங் என்றால் பொரி, தாரிக் என்றால் இழு. பொரித்த, இழுத்த என்று காலமெல்லாம் காட்டாமல், வினையின் வேர்ச்சொல்லை மட்டும் கொண்டுவந்து பெயருக்குப் பின்னால் நிறுத்திவிடுகிறார்கள். எங்கோ பார்த்த மாதிரி இல்லை? நம் ஊறுகாய்! ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய், மூன்றும் அதற்குள்ளேயே மறைந்திருக்கின்றன. வினைத்தொகை. நாம் வினையை முன்னால் வைக்கிறோம், அவர்கள் பின்னால் வைக்கிறார்கள். தினமும் கடையில் ஆர்டர் கொடுத்தும் இது இத்தனை நாள் எனக்கு உறைக்கவில்லை.

சரி, அந்தத் தம்பிக்குப் பாதி மதிப்பெண் போட்டேன். ஏன் பாதி என்று அவன் அம்மா வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறார். இந்த வீடியோவையே அனுப்பிவிடுகிறேன்.