கேட்க வந்தவர் வாசித்த குற்றம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வெளிநாட்டுக் கலைஞருக்குத் தடை போட்டால் உள்ளூர்க் கலைஞர் பிழைப்பாரா என்பதுதான் வழக்கு; தடை வேண்டாம் என்பது என் கட்சி.

"வேலையில்லாத காலத்தில் வெளிநாட்டான் மேடையேறினால், உள்ளூர் வித்துவான் வாசலில் டிக்கெட் கிழிக்க வேண்டியதுதான்" என்று சொல்லி எதிரணி நண்பர் கைதட்டல் வாங்கிச் சென்றார். தட்டிய கைகளை நானும் பார்த்து வைத்திருக்கிறேன்; சற்று நேரத்தில் அவை எனக்கும் வேண்டியிருக்கும்.

1930களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வேலையற்றோர் தொகை 30 லட்சத்தை நெருங்கியது. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் பிரிட்டிஷ் குழுக்களை உள்ளே விடாததையும் காரணம் காட்டி, 1935 முதல் அமெரிக்க இசைக்குழுக்களுக்குத் தொழிலாளர் அமைச்சகம் அனுமதி மறுத்தது.

இனி 1949 நவம்பருக்கு வாருங்கள். லண்டன் விண்டர் கார்டன் அரங்கில் அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் மேதை சிட்னி பெஷே அமர்ந்திருக்கிறார். வாசிக்க அனுமதி இல்லை. ஆனால் உட்காரலாம், கேட்கலாம், கைதட்டலாம். மேடையில் ஹம்ஃப்ரி லிட்டில்டனின் உள்ளூர்க் குழு. "மாமேதை நம்மிடையே வந்திருக்கிறார், ஒரு பாட்டு வாசிக்கக் கூடாதா?" என்ற பாணியில் அழைப்பு, அவரும் எழுந்து போய் வாசித்துவிட்டார். கச்சேரி கேட்க வந்தவருக்குச் சாக்ஸபோன் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள், நடுவர் அவர்களே! வழக்கு வந்தது, அமைப்பாளர்களுக்கு அபராதம் விழுந்தது. மறுபடியும் சொல்கிறேன்: உட்காரலாம், கேட்கலாம், கைதட்டலாம், வாசித்தால்தான் குற்றம். 1936இல் பி.பி.சி. நடனக் குழுவுக்கு இசை எழுத வந்த அமெரிக்க ஜாஸ் கலைஞர் பென்னி கார்ட்டருக்கும் இதே கதைதான்: எழுதலாம், அந்தக் குழுவோடு சேர்ந்து வாசிக்கக் கூடாது.

பெஷே வாசித்த அன்றிரவு வேலை இழந்தவர் யார்? உள்ளூர்க் குழு அவரோடு சேர்ந்தே வாசித்தது. நண்பர் கவலைப்பட்ட டிக்கெட் கிழிப்பவருக்கும் கை நிறைய வேலை இருந்திருக்கும். இத்தனைக்கும் 1949இல் பிரிட்டனில் வேலையின்மை மிகக் குறைவு. பஞ்சத்தில் போட்ட பூட்டை விளைச்சல் வந்த பிறகும் திறக்க யாருக்கும் மனம் வரவில்லை. அந்தப் பூட்டு விழும் முன்பே மௌனப்படக் கொட்டகைகளில் வாசித்தவர்களைத் தெருவுக்கு அனுப்பியது அமெரிக்கக் கலைஞர் அல்லர், பேசும்படம். அந்த இயந்திரத்திடம் எவரும் அனுமதிச் சீட்டுக் கேட்கவில்லை.

1956இல்தான் அமெரிக்காவின் ஸ்டான் கென்டன் குழு உள்ளே வர, பிரிட்டனின் டெட் ஹீத் குழு அமெரிக்கா போக, பண்டமாற்றாகக் கதவு திறந்தது. 1935இல் பிறந்த பிள்ளைக்கு அப்போது 21 வயது. பெரும்பாலும் இசைத்தட்டை மட்டுமே கேட்டு, அந்த மேதைகள் எங்கே மூச்சு வாங்குகிறார்கள், எந்த இடத்தில் விரல் தயங்குகிறது என்று ஒருநாளும் கண்ணால் பாராமல் வளர்ந்த அந்தப் பிள்ளைக்கு, எந்த நீதிமன்றம், யாரிடம் அபராதம் வாங்கி, அந்த மாலைப் பொழுதுகளைத் திருப்பிக் கொடுக்கும் என்பதை எதிரணியினரையே சொல்லச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே.