சுழலும்போது எண்ணாதீர்கள்: ஈலாட் மலையில் பருந்துக் கணக்கு

[காட்சி: செம்பழுப்பு மலைகள், கீழே நீல வளைகுடா]

இது இஸ்ரேலின் தென்முனையில் ஈலாட். எகிப்து எல்லையை ஒட்டி நிற்கும் யோவாஷ் மலை, 734 மீட்டர். வசந்தத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வடக்கே திரும்பும் இரைக்கொல்லிப் பறவைகள் இந்த வழியாகத்தான் குவிகின்றன. 1985 வசந்தத்தில் மட்டும் இங்கே எண்ணியவை 10 லட்சத்துக்கு மேல்!

ஏன் இங்கே? அகன்ற சிறகுள்ள பறவைகள் வெப்பக்காற்றில் ஏறி, சறுக்கிப் பயணம் செய்பவை. கடல்மேல் அந்தக் காற்று எழுவதில்லை. அதனால் அகாபா வளைகுடாவைத் தாண்டாமல், அதன் வடமுனையைச் சுற்றிக்கொண்டு போகின்றன.

பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் வரை ஸ்டெப்பிக் கழுகு. மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் ஸ்டெப்பி பஸர்ட் என்ற பருந்து வகை. மே முதல் வாரம் தேன்பருந்து.

[காட்சி: வானில் சுழலும் கூட்டம்]

இந்தக் கூட்டத்தைப் பாருங்கள். நூற்றுக்கணக்கில் ஒன்றை ஒன்று மறைத்துச் சுழல்கின்றன. இப்போது எண்ணினால் கணக்கு நிச்சயம் பிசகும். பொறுங்கள். உச்சிக்கு ஏறியதும் ஒவ்வொன்றாகச் சுழலைவிட்டு வடக்கே சறுக்கும். கூட்டம் நீண்ட சரமாகிவிடும். எதிரே ஒரு சிகரத்தைக் கோடாக வைத்து, அதைத் தாண்டுபவற்றை மட்டும் எண்ணுங்கள். திரும்பி வந்தால் கழித்துவிடுங்கள்.

சரம் அடர்த்தியாக இருந்தால், முதலில் 10 பறவைகளை உண்மையாகவே எண்ணி, அவை பைனாகுலரில் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று மனதில் வையுங்கள். அந்த அளவு கடக்கும்போதெல்லாம் கிளிக்கரில், அதாவது கையில் பிடித்து அழுத்தி எண்ணும் கருவியில், ஒரு அழுத்து. 37 அழுத்து என்றால் 370. சரம் நெருங்கினாலோ விரிந்தாலோ மறுபடி 10 எண்ணி அளவைத் திருத்த வேண்டும். இதைச் செய்யாததாலும் பெரிய கூட்டங்கள் பெரும்பாலும் குறைவாகப் பதிவாகின்றன.

[காட்சி: இரண்டு நிழலுருவங்கள்]

இடப்பக்கம் பஸர்ட்: சுழலும்போது சிறகை லேசாகத் தூக்கிப் பிடிக்கும். வலப்பக்கம் தேன்பருந்து: சிறகு தட்டை, தலை புறாவினுடையதுபோல் சிறுத்து முன்நீளும். சந்தேகமா? 'இனம் தெரியாதது' என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய பெயரைவிட அது எவ்வளவோ மேல்.

நண்பகலில் மேகமில்லாத நீலவானம் ஏமாற்றும். உயரத்தில் பறப்பவை கண்ணுக்கே படாது. அதனால் மலைவிளிம்பை மட்டும் பார்க்காமல் தலைக்கு மேலும் பைனாகுலரை ஓட்டுங்கள். மேற்குக் காற்று பலமாக அடித்தால் ஓட்டம் கிழக்கே ஒதுங்கும். ஒரே முகட்டில் உட்கார்ந்தால் கோட்டைவிடுவீர்கள். இரண்டு முகடுகளில் ஆள் வைத்தால், எந்தக் கூட்டம் யார் கணக்கு என்று வயர்லெஸ்ஸில் உடனுக்குடன் பேசிக்கொள்ளுங்கள்.

[காட்சி: பதிவுத் தாள்]

ஒருவர் பார்க்க, இன்னொருவர் எழுத வேண்டும். மணிக்கொருமுறை காற்றின் திசை, வேகம், மேகம், எண்ணிக்கை. ஒன்றுமே வராத மணிக்கு 0 போடுங்கள். கட்டம் காலியாக இருந்தால், பறவை வரவில்லையா, எண்ண ஆளில்லையா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது.