பழ ஐஸ் ஏன் பாறையாகிறது? வீட்டு ஃபிரீசரில் மாம்பழ சோர்பே

[காட்சி: கிண்ணத்தில் உறைந்த மாம்பழக் கூழ். கரண்டியை அழுத்துகிறார்கள், இறங்கவில்லை.]

வணக்கம். மாம்பழத்தை அரைத்துக் கிண்ணத்தில் ஊற்றி, இரவு முழுவதும் ஃபிரீசரில் வைத்து எடுத்தால், பெரும்பாலான வீடுகளில் கிடைப்பது, கரண்டி வளைந்தாலும் உள்ளே இறங்காத ஒரு மஞ்சள் கல்தான். கடையில் வாங்கும் மாம்பழ சோர்பேயும் பழம், சர்க்கரை, தண்ணீர் ஆகியவற்றால் ஆனதுதான். அதில் பாலும் இல்லை, க்ரீமும் இல்லை. ஆனாலும் கரண்டி பட்டவுடன் அது சுருண்டு வருகிறது. கடைக்காரரிடம் உள்ள இயந்திரம் இதற்கு ஒரு காரணம் என்பது உண்மையே. அதைவிடப் பெரிய காரணம் சர்க்கரையின் அளவு. பழ ஐஸில் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் சேர்க்கப்படுவதில்லை. எவ்வளவு தண்ணீர் உறைய வேண்டும், எவ்வளவு உறையாமல் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே அதன் முதல் வேலை.

[காட்சி: வரைபடம். நீர் மூலக்கூறுகள் படிகமாகச் சேர்கின்றன. சர்க்கரை வெளியே ஒதுங்குகிறது.]

தூய நீர் பூஜ்யம் டிகிரி செல்சியஸில் உறைகிறது. அதில் சர்க்கரை கரைந்திருந்தால், நீர் மூலக்கூறுகள் ஒன்றுசேர்ந்து படிகமாவது கடினமாகி, உறைநிலை கீழே இறங்குகிறது. எடையில் கால் பங்குக்குச் சற்று மேல் சர்க்கரை உள்ள பழக்கூழ், மைனஸ் 2 அல்லது 3 டிகிரிக்கு வந்த பிறகே உறையத் தொடங்கும். அதற்குப் பின் நடப்பதுதான் முக்கியம். உறைவது தண்ணீர் மட்டுமே; சர்க்கரை பனிக்கட்டிக்குள் நுழைவதில்லை. ஆகவே தண்ணீர் பனியாகப் பிரியப் பிரிய, மிச்சமிருக்கும் பாகு கெட்டியாகிக்கொண்டே போகிறது. அதன் உறைநிலையும் இறங்கிக்கொண்டே போகிறது. வீட்டு ஃபிரீசரின் மைனஸ் 18 டிகிரியை எட்டிய பிறகும், உறையாத பாகு ஓரளவு எஞ்சியிருக்கும். பனித்துகள்களுக்கு நடுவே தங்கும் அந்தப் பாகுதான் கரண்டிக்கு வழிவிடுகிறது. பழத்தை மட்டும் அரைத்து வைத்தால் அந்தப் பாகு போதிய அளவில் இருப்பதில்லை.

எவ்வளவு சர்க்கரை தேவை? பழத்திலேயே உள்ள சர்க்கரையையும் சேர்த்து, மொத்த எடையில் 25 முதல் 30 விழுக்காடு வரை இருந்தால் கரண்டியால் எடுக்கத்தக்க பதம் கிடைக்கும். நன்கு பழுத்த மாம்பழத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு சர்க்கரை உண்டு. இனம், பருவத்துக்கு ஏற்ப இது சற்றே மாறும். 500 கிராம் கூழில் 80 கிராம் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அதில் 110 கிராம் சர்க்கரையும் 80 மில்லி தண்ணீரும் சேர்த்தால், மொத்தம் 690 கிராம் கலவையில் 190 கிராம் சர்க்கரை, அதாவது 27 விழுக்காட்டுக்குச் சற்று மேல் வரும். தர்பூசணிக்கு இதே கணக்கு செல்லாது. அதில் சர்க்கரை 8 விழுக்காடு அளவே இருப்பதால், 500 கிராம் சாற்றுக்கு 130 கிராம் சர்க்கரை வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். பழத்தின் அளவை மட்டும் வைத்து எல்லாப் பழத்துக்கும் ஒரே சர்க்கரை அளவைச் சொல்லும் குறிப்புகள் சொதப்புவது இந்த இடத்தில்தான்.

தர்பூசணி, ஆரஞ்சு போன்ற நீர்த்த சாறுகளுக்கு, அளவுகருவி இல்லாத சமையலறைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் சோதனை ஒன்று உண்டு. நன்றாகக் கழுவிய புதிய கோழிமுட்டையைச் சர்க்கரை கலந்த சாற்றில் மெதுவாக இட வேண்டும். முட்டை மூழ்கினால் சர்க்கரை குறைவு. மிதந்து, ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்கு ஓடு வெளியே தெரிந்தால் அளவு சரி. அதைவிட அதிகம் தெரிந்தால் சாறோ தண்ணீரோ சேர்க்கலாம். மாம்பழக் கூழின் தடிப்பில் இந்தச் சோதனை பொய் சொல்லும். அங்கே தராசுதான் துணை.

[காட்சி: தராசு. கூழ், சர்க்கரை, எலுமிச்சை, உப்பு வரிசையாக.]

இத்தனை சர்க்கரையா என்ற கேள்வி நியாயமானது. கலவையைச் சாதாரண வெப்பத்தில் சுவைத்தால் திகட்டும்; ஆனால் குளிரில் நாக்கு இனிப்பைக் குறைவாகவே உணர்வதால், உறைந்த பிறகு அது அளவாகவே தெரியும். இனிப்பைக் குறைத்து மென்மையை மட்டும் காப்பாற்ற விரும்புகிறவர்கள், சேர்க்கும் சர்க்கரையில் கால் பங்கை எடுத்துவிட்டு, அதே எடைக்குச் சுவையூட்டப்படாத குளுக்கோஸ் பவுடரைப் போடலாம். குளுக்கோஸின் மூலக்கூறு எடை சர்க்கரையினுடையதில் ஏறத்தாழப் பாதி என்பதால், ஒரே எடைக்கு உறைநிலையை அது இரு மடங்கு இறக்குகிறது, இனிப்போ குறைவு. ஸ்டீவியா போன்ற மாற்று இனிப்பூட்டிகளால் இந்த வேலை நடக்காது. அவை நாக்கை ஏமாற்றலாம். கிராம் கணக்கில் கரையாமல், சிட்டிகைக் கணக்கில் கரையும் ஒரு பொருளால் தண்ணீரை ஏமாற்ற முடியாது.

சர்க்கரையை உண்மையாகவே குறைக்க வேண்டிய வீட்டில் மாற்ற வேண்டியது பண்டத்தின் வடிவம். குச்சி ஐஸைச் சப்பித்தானே சாப்பிடுகிறோம். அது கல்லாக இருப்பதில் குற்றமில்லை என்பதால் 15 விழுக்காடே போதும். அதே நீர்த்த சாற்றை அகலத் தட்டில் ஊற்றி, உறையும்போதே முள்கரண்டியால் அவ்வப்போது சுரண்டிவிட்டால், இத்தாலியர்கள் கிரானிட்டா என்று சொல்லும் பொலபொலப்பான பனித்துருவல் கிடைக்கும். நார்ச்சத்தும், பழக்கூழைக் கெட்டியாக்கும் பெக்டின் என்ற பொருளும் குறைந்த தர்பூசணிக்கு சோர்பேயைவிட இதுவே பொருத்தம் என்பது என் கருத்து.

[காட்சி: பங்கனபள்ளி, நீலம், அல்போன்சா பழங்கள்.]

இனி மாம்பழம். நார் குறைந்த பங்கனபள்ளி இந்த வேலைக்கு எளிது. வாசனை தூக்கலான அல்போன்சாவும், பருவத்தின் கடைசியில் வரும் நீலமும் குளிரிலும் தங்கள் மணத்தை இழப்பதில்லை. இமாம்பசந்தை ஃபிரீசரில் வைப்பது வீண். அதன் நுட்பமான மணத்தைக் குளிர் அடக்கிவிடும், அதை வெட்டி அப்படியே சாப்பிடுவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை. எந்தப் பழமானாலும் அரைத்த கூழைச் சல்லடையில் தேய்த்து வடிகட்டிக்கொள்ள வேண்டும். சர்க்கரையைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, பாகை முழுவதும் ஆறவிட்டுக் கூழில் கலக்க வேண்டும். கொதிக்கவைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: உறையவைப்பதால் கிருமிகள் உறங்குகின்றனவே தவிர எல்லாம் சாவதில்லை, ஆகவே உள்ளே போகும் தண்ணீர் முதலிலேயே தூய்மையாக இருக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தால் பழச்சுவை எடுப்பாகும்.

கலவையை நேராக ஃபிரீசரில் வைக்கக் கூடாது. முதலில் சாதாரணக் குளிர்பகுதியில் சில மணி நேரம் வைத்து நன்றாகக் குளிரவிட வேண்டும். பனிப்படிகங்களின் அளவைத் தீர்மானிப்பது உறையும் வேகம்: மெதுவாக உறைந்தால் சில படிகங்களே தோன்றி அவை பெரிதாக வளரும், விரைவாக உறைந்தால் எண்ணற்ற சிறு படிகங்கள் தோன்றும். மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டிய படிகங்களை நாக்கு நறநறப்பாக உணரத் தொடங்குகிறது. இயந்திரம் செய்வதெல்லாம், குளிர்ந்த சுவரில் படியும் பனியை உடனுக்குடன் சுரண்டிக் கலக்கிக்கொண்டே இருப்பதுதான்.

இயந்திரம் இல்லாத வீட்டில் அந்த வேலையை மிக்ஸியிடம் ஒப்படைக்கலாம். குளிர்ந்த கலவையை அகலமான எவர்சில்வர் தட்டில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு மிகாமல் ஊற்றி, ஃபிரீசரின் தரையோடு ஒட்டி வைக்க வேண்டும். உலோகமும் மெல்லிய படலமும் வெப்பத்தை விரைவாக வெளியேற்றும். நான்கைந்து மணி நேரத்தில் இறுகியதும் துண்டுகளாக வெட்டி, ஐந்து நிமிடம் வெளியே வைத்து, குளிரவைத்த மிக்ஸி ஜாரில் விட்டு விட்டு அடிக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் மோட்டாரின் சூடும் பிளேடின் உராய்வும் ஐஸை உருக்கிவிடும். கல்லாக இருக்கும்போதே போட்டால் பிளேடு பழுதாகும். வழவழவென்று வந்தவுடன் டப்பாவில் மாற்றி மறுபடியும் இரண்டு மணி நேரம் உறையவைத்தால் சோர்பே தயார். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை முள்கரண்டியால் கிளறும் முறையும் பலன் தரும்; ஆனால் ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் குளிர் வெளியேறுவதால், நம் ஊர் வெயிலில் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

[காட்சி: வாளியில் ஐஸ்கட்டி, கல் உப்பு, நடுவில் மூடிய டப்பா சுழல்கிறது.]

ஒற்றைக் கதவுப் பெட்டிகளில் மேலே இருக்கும் ஐஸ் அறை பல வீடுகளில் மைனஸ் 18 வரை போவதில்லை. அங்கே சர்க்கரையை 25 விழுக்காட்டை ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது. கூடினால் கலவை இறுகாமல் கூழாகவே நிற்கும். இல்லையெனில் மின்சாரமே தேவைப்படாத பழைய வழி இருக்கிறது. மூன்று பங்கு நொறுக்கிய ஐஸுடன் ஒரு பங்கு கல் உப்பைக் கலந்தால், உப்பு ஐஸை உருகவைக்கிறது. உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தை ஐஸ் சுற்றியுள்ளவற்றிலிருந்து உறிஞ்சுகிறது. உப்பும் நீரும் சரியான விகிதத்தில் சேர்ந்தால் மைனஸ் 21 டிகிரி வரை இறங்க முடியும். அமெரிக்காவில் நான்சி ஜான்சன் 1843இல் காப்புரிமை பெற்ற கைப்பிடி ஐஸ்கிரீம் இயந்திரம் இந்தக் குளிரையும் சுரண்டும் துடுப்பையும் இணைத்ததுதான். வீட்டில், மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாவை உப்பு ஐஸுக்கு நடுவே புதைத்துச் சுழற்றி, இடையிடையே திறந்து ஓரங்களைச் சுரண்டிவிட வேண்டும். திறக்கும் முன் மூடியைத் துடைக்க மறந்தால் உப்பு உள்ளே போய்விடும்.

மற்ற பழங்களில் கொய்யா என்னைப் பொறுத்தவரை மாம்பழத்துக்கு நிகர். அதில் பெக்டின் மிகுதி. தண்ணீரை அது பிடித்துவைப்பதால் படிகங்கள் பெரிதாவதில்லை. விதையைச் சுற்றியுள்ள மணல் போன்ற பகுதியை நீக்க, பழத்தைச் சிறிது தண்ணீரில் வேகவைத்து வடிகட்ட வேண்டும். பன்னீர் திராட்சையை மிக்ஸியில் அரைத்தால் விதை உடைந்து கசக்கும்; லேசாகச் சூடாக்கி, பிசைந்து வடிகட்டுவதே முறை. சீதாப்பழத்தின் விதைகள் நச்சுத்தன்மை உடையவை என்பதால் ஒன்று விடாமல் கையால் எடுத்த பிறகே ஜாரில் போட வேண்டும். வாழைப்பழத்துக்குச் சர்க்கரையும் வேண்டாம், பாகும் வேண்டாம். தோலில் கரும்புள்ளி விழுந்த பழத்தை வில்லைகளாக நறுக்கி, எலுமிச்சைச் சாறு தடவி உறையவைத்து, அடித்தவுடனே பரிமாறினால் பால் சேர்த்தது போன்ற பதம் வரும். மீண்டும் ஃபிரீசரில் வைத்தால் அதுவும் இறுகிவிடும்.

பால் சேர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அன்னாசியிலும் கிவியிலும் பப்பாளியிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உள்ளன. வேகவைக்காத அன்னாசிச் சாறு கலந்த பால் சிறிது நேரத்தில் கசக்கத் தொடங்குவது இதனால்தான். அன்னாசியைச் சர்க்கரையோடு பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டுச் சேர்த்தால் நொதி செயலிழந்துவிடும். புளிப்பான பழங்களைச் சூடான பாலில் ஊற்றினால் திரியும். இரண்டும் குளிர்ந்த பிறகே சேர வேண்டும். கண்டென்ஸ்டு மில்க்கின் எடையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை; அதையும் கணக்கில் கழித்துக்கொள்ளாவிட்டால் குல்ஃபி உறையவே உறையாது.

[காட்சி: சோர்பேயின் மேல் ஒட்டியபடி பட்டர் பேப்பர் விரிக்கப்படுகிறது.]

செய்த சோர்பேயை டப்பாவில் அழுத்தி நிரப்பி, மேற்பரப்பைத் தொட்டபடி பட்டர் பேப்பர் விரித்து மூட வேண்டும். இடைவெளி இருந்தால் ஈரம் மேலே வந்து பனிப்பூவாகப் படியும். டப்பாவின் இடம் ஃபிரீசரின் உட்புறம், கதவோரம் அன்று. ஃப்ராஸ்ட் ஃப்ரீ பெட்டிகள் பனியை உருக்கச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை தம்மைச் சூடாக்கிக்கொள்வதாலும், மின்வெட்டாலும், சிறு படிகங்கள் உருகிப் பெரியவற்றோடு சேர்ந்து உறைகின்றன. எனவே ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்பு டப்பாவைக் கீழே குளிர்பகுதிக்கு மாற்றி, கிண்ணங்களை ஃபிரீசரில் வையுங்கள். நாள்பட்டு நறநறப்பானதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. துண்டுகளாக்கி மிக்ஸியில் இன்னொரு முறை அடித்து உறையவைத்தால் பழைய பதம் திரும்பும். ஆனால் முழுவதும் உருகிச் சமையலறையின் சூட்டில் நின்றுவிட்டதை மறுபடி உறையவைக்க வேண்டாம்.