ஒரே நாளில் இரண்டு முழங்கால்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர். தேய்ந்த முழங்கால் மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைக்கும் அறுவையில் எலும்பு மருத்துவர் வேலையாக இருக்கும்போது, தலைமாட்டில் உட்கார்ந்து இதயத்துடிப்பையும் மூச்சையும் பார்த்துக்கொண்டிருப்பவன். "ரெண்டு காலையும் ஒரேயடியா முடிச்சிடலாமா டாக்டர்?" என்று கேட்பவர்கள், உயிருக்கு ஏதும் ஆகுமா என்பதை மட்டும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஆபத்து உண்டு, ஆனால் சிறியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட முழங்கால் மாற்று சிகிச்சைகளை அலசிப் பார்த்தார்கள். 45 நாட்களுக்குள் இறந்தவர்கள் 2003-இல் 0.37 சதவீதம், 2011-இல் 0.20. அதாவது ஆயிரத்துக்கு இரண்டு பேர். இரண்டு காலையும் ஒரே நாளில் செய்தால் இது கூடும் என்றே பல ஆய்வுகள் சொல்கின்றன.

ஏன் கூடுகிறது? செயற்கை மூட்டைச் சரியான கோணத்தில் பொருத்த, தொடை எலும்பின் உட்குழாயில் ஒரு கம்பியைச் செலுத்தி அளவெடுப்பது வழக்கம். அந்த அழுத்தத்தில் மஜ்ஜைக் கொழுப்பு துளித்துளியாக ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போகிறது. ஒரு கால் என்றால் பெரும்பாலும் உடம்பு சமாளித்துக்கொள்ளும். அது மூச்சு வாங்கி முடிப்பதற்குள் இரண்டாவது காலிலிருந்தும் அதே சுமை வந்தால்? ரத்த இழப்பும் கூடுதல், இதயத்துக்கும் வேலை கூடுதல். காலில் உறையும் ரத்தக்கட்டி நுரையீரலில் போய் அடைக்கும் அபாயம் வேறு.

சரி, தனித்தனியாகச் செய்தால் பத்திரம்தானே? இங்கேதான் கணக்கு கொஞ்சம் ஏமாற்றும். முதல் அறுவைக்குப் பிறகு இறந்தவர் இரண்டாவதுக்கு வரமாட்டார். அவர் பெயர் 'ஒரு கால் மட்டும்' என்ற பட்டியலில் சேர்ந்துவிடும். அதனால் தவணை முறை உண்மையைவிடப் பத்திரமாகத் தெரியலாம். மறுபக்கம், ஒரே நாளில் செய்வதற்குத் திடமானவர்களைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். அந்தக் கணக்கும் சுத்தமானதில்லை.

எண்களை விடுங்கள், ஆளைப் பாருங்கள் என்பது என் கட்சி. எழுபத்தைந்து தாண்டியவர், இதய அடைப்பு உள்ளவர், நுரையீரலோ சிறுநீரகமோ பலவீனமானவர், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், உடல் எடை மிக அதிகமானவர், இவர்களுக்கு ஒரே நாளில் இரண்டும் வேண்டாம் என்பேன். ஒன்றை முடித்து, தேறி, மூன்று மாதமாவது கழித்து அடுத்தது. இன்னொரு முறை மருத்துவமனை, இன்னொரு முறை வலி என்ற அலுப்பு எனக்கும் புரிகிறது. இருந்தாலும் என் பதில் அதுதான்.

அப்புறம், வீட்டுக்குப் போன பிறகு திடீரென்று மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரத்தக்கட்டி பல வாரங்கள் கழித்தும் வரும். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மருந்தை, நன்றாக நடக்கிறேனே என்று நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம்.