கேமராவுக்குள் ஓர் உதைப்பு

நேயர்களுக்கு வணக்கம். முதலில் ஒரு சத்தம் கேளுங்கள். என் கேமராவை மைக்குக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுக்கிறேன். டடக்! கேட்டதா? நான் அமுக்கியது பட்டனை மட்டும்தான். சத்தம் போட்டது உள்ளே இருக்கிற கண்ணாடி. டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் படம் விழுவதற்கு முன்னால் அந்தக் கண்ணாடி மேலே எகிறி அடிக்கும். அப்புறம்தான் வெளிச்சத்தை உள்ளே விடுகிற திரை, அதாவது ஷட்டர், திறக்கும்.

கோயில் கொடையில் வேட்டுப் போடுகிறவர்கள் இரும்புக் குழாயை மண்ணில் புதைத்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மருந்து மேலே சீறும்போது குழாயைக் கீழே உதைக்கும். அந்த உதையை மண் வாங்கிக்கொள்ளும். கேமராவுக்குள் நடப்பதும் அதே உதைப்புதான், அளவுதான் சின்னது.

சின்னதுதானே என்று விட முடியாது. பறவை எடுக்கிற 500 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 40 செ.மீ. நீளம் இருக்கும். அதன் முன்முனை ஒரு மில்லிமீட்டரில் முந்நூறில் ஒரு பங்கு அசைந்தாலே படம் ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். தலைமுடியின் கனத்தில் அது இருபதில் ஒரு பங்கு.

இதை நான் படித்துக்கொண்டது கூந்தன்குளத்தில். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி பக்கம், 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர். ஒரு பங்குனி மாதம், விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் மஞ்சள் மூக்கு நாரை குஞ்சுக்கு இரை கொடுப்பதை எடுத்தேன். டிரைபாட், அதாவது கேமராவைத் தாங்கும் முக்காலி, போட்டிருந்தேன், கையே படவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் அத்தனையும் கலங்கல். லென்ஸில்தான் கோளாறு என்று முடிவே கட்டிவிட்டேன். படங்களை ஷட்டர் வேகப்படி பிரித்து அடுக்கிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. 1/500 நொடியில் எடுத்தவை சுத்தமாக இருந்தன. 1/15 நொடியில் எடுத்தவை எல்லாம் போச்சு.

இதில் பலர் தவறவிடுகிற இடம் ஒன்று உண்டு. ஷட்டர் வேகம் குறையக் குறைய ஆட்டம் கூடிக்கொண்டே போகும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. கண்ணாடி அடித்த அதிர்வு ஒரு நொடிக்குள் அடங்கிவிடும். பத்து நொடி திறந்து வைத்தால் அந்த ஆட்டம் மொத்த வெளிச்சத்தில் சிறு பங்குதான், படத்தில் தெரியாது. மிக வேகமாக எடுத்தாலும் தெரியாது. நடுவில், கால் நொடியிலிருந்து 1/30 நொடி வரை, அங்கேதான் ஆபத்து. பாபநாசம் அகத்தியர் அருவியில் தண்ணீரைப் பட்டுப்போல எடுக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் வைக்கிற வேகம் அதுவேதான். அங்கே கேமராவின் அமைப்புகளில் கண்ணாடியை முன்னாலேயே தூக்கி நிறுத்திவிட்டு, இரண்டு நொடி டைமர் வையுங்கள். கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராவிலும் ஷட்டரின் முதல் திரை கொஞ்சம் உதைக்கும். அதை மின்னணு முறைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சரி, உள்ளே இருந்து வருவது இது. வெளியே இருந்து வருவது காற்று. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்று சொன்னவர்கள் நம் பணகுடி, காவல்கிணறு பக்கம் நின்று பார்த்திருக்க வேண்டும். அந்தக் காற்றில் கேமராவின் தோள்பட்டை வாரே பாய்மரம் மாதிரி இழுக்கும். முதலில் அதைக் கழற்றுங்கள். டிரைபாட்டின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். ஒல்லியான கடைசிக் கணுவை நீட்டாமல் தடித்த கணுக்களை மட்டும் நீட்டி, குனிந்து நின்று எடுங்கள். நடுவில் பையைத் தொங்கவிடச் சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் பை காற்றில் ஆடினால் இருக்கிற ஆட்டத்தோடு அதுவும் சேர்ந்துகொள்ளும். அடி தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி விடுங்கள். குளத்தங்கரைச் சேற்றில் கால் புதைகிறதா? ஒவ்வொரு காலுக்கும் கீழே பனை மட்டைத் துண்டு ஒன்று போதும். லென்ஸில் அசைவுத் தடுப்பு இருந்தால் டிரைபாட்டில் அதை அணைத்துவிடுங்கள். பழைய லென்ஸ்களில் அது இல்லாத அசைவைத் தேடித் தானே ஓர் ஆட்டத்தை உண்டாக்கும்.

உங்கள் டிரைபாட்டைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். பின்திரையில் படத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கிக்கொண்டு டிரைபாட்டின் காலை விரலால் சுண்டுங்கள். படம் அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். அந்த நொடிகளைத்தான் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நீங்கள் காத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னாலும், நான் இப்போது அதிகம் நம்புவது ஓர் அரிசிப் பையை. பழைய ஜீன்ஸ் துணியில் தைத்தது, உள்ளே மூன்று கிலோ அம்பை 16 அரிசி. குட்டையான, பருத்த மணி. லென்ஸை அழுத்தி வைத்தால் அதன் வடிவத்துக்கே குழிந்து பிடித்துக்கொள்ளும். உதை வரும்போது மணிகள் ஒன்றோடொன்று உரசி அதைத் தின்றுவிடும். அலுமினியக் காலில் அதிர்வு மணியோசை போல ஓடிக்கொண்டிருக்கும். அரிசியில் ஓட வழியில்லை. ஆற்று மணல் இன்னும் கனம்தான், ஆனால் தூசி லென்ஸுக்குள் போய்விடும். அரிசியை மட்டும் நனையவிடாதீர்கள்.

செல்போனில் எடுக்கிறவர்கள் முழங்கையைச் சுவரில் ஊன்றி மூன்று நொடி டைமர் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. பைக் கைப்பிடியில் போனை மாட்டுகிற தம்பிமார்களே, பெரிய எஞ்சின் பைக்குகளின் அதிர்வு போன் கேமராவின் அசைவுத் தடுப்பையே கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனம் 2021இல் அறிவித்தது. மாட்டாமல் சட்டைப் பையில் வையுங்கள்.

கூந்தன்குளத்தில் நாரைகள் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரங்களில் கூடு கட்டும். பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. அங்கே டிரைபாட்டை விரித்துத் தெருவை அடைக்க வேண்டாம். ஒரு காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து, “அக்கா, இந்தப் பையை இதுல வச்சுக்கிடட்டுமா?” என்று கேளுங்கள். எனக்கு இதுவரை யாரும் மறுத்ததில்லை. வணக்கம்.